பார்ட் டூ: அடிதடிப் படங்களின் இரண்டாம் பாக வரலாறு

பார்ட் டூ என்பது, ஓடிய படத்தின் நாயகனையோ பெயரையோ இரண்டையுமோ வைத்துக்கொண்டு அடுத்து எடுக்கப்படும் படத்துக்குத் தமிழ்நாட்டுத் தியேட்டர் வாசலில் வழங்கும் பெயர். போஸ்டரில் ‘2’, ‘II’, ‘ஸ்கொயர்’ என்று எந்த வேடத்தில் வந்தாலும் டிக்கெட் கவுன்ட்டரில் அது பார்ட் டூதான். பேய்க் கதைக்கும் பார்ட் டூ உண்டு, குடும்பக் கதைக்கும் உண்டு. இங்கே பேசப்படுவது அடிதடிப் படங்கள். அவற்றின் விதி எளியது: முதல் பாகத்தில் பத்துப் பேரை அடித்தவர் அடுத்ததில் நூறு பேரை அடிக்க வேண்டும், முதலில் ஜீப் பறந்திருந்தால் அடுத்ததில் ஹெலிகாப்டராவது விழ வேண்டும். “லாஜிக் பார்க்காதே” என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் ரசிகர் உட்காருகிறார்.

இந்த வகைப் படங்களுக்குச் செங்கல்பட்டு பெரிய சந்தை. சினிமா வியாபாரத்தில் ‘செங்கல்பட்டு ஏரியா’ என்பது தனி வரைபடம். சென்னை சிட்டி, செங்கல்பட்டு, வட ஆற்காடு – தென் ஆற்காடு, கோவை, சேலம், திருச்சி – தஞ்சை, மதுரை – ராமநாதபுரம், நெல்லை – குமரி என்று விநியோகஸ்தர்கள் மாநிலத்தைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பழைய செங்கல்பட்டு மாவட்டம் ‘செங்கை எம்.ஜி.ஆர்.’ என்று பெயர் மாறி, 1997இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று இரண்டாகி, 2019 நவம்பர் 29இல் செங்கல்பட்டு மறுபடி தனி மாவட்டமானது. வருவாய்த் துறை இத்தனை முறை கோடு போட்டு அழித்தும் விநியோகஸ்தர்களின் கணக்கில் ஏரியா பழைய பெயரிலேயே நிற்கிறது. சென்னையின் புறநகர்கள் அதற்குள் வருவதால் படத்துக்குக் கிடைக்கும் ஷேரில் அதன் பங்கு கனமானது.

அந்த மாவட்டம் யார் பெயரைத் தாங்கியிருந்ததோ, அவரிடமிருந்துதான் தமிழின் மிகப் பிரபலமான, எடுக்கப்படாத பார்ட் டூவும் வந்தது. 1973 மே 11இல் வெளியான ‘உலகம் சுற்றும் வாலிபன்’ எம்.ஜி.ஆர். தயாரித்து இயக்கி இரட்டை வேடத்தில் நடித்த படம். மின்னலின் சக்தியை அடக்கிவைக்கும் விஞ்ஞானி, அவரைத் தேடிப் போகும் புலனாய்வு அதிகாரித் தம்பி ராஜு, ஒசாகாவின் எக்ஸ்போ 70 அரங்குகள் என்று கதையே எதற்கும் கட்டுப்படாதது. படம் முடியும்போது அடுத்த படம் ‘கிழக்கு ஆப்பிரிக்காவில் ராஜு’ என்ற அறிவிப்பு திரையில் வந்தது. 1977இல் எம்.ஜி.ஆர். முதலமைச்சரானார். ராஜு ஆப்பிரிக்காவுக்குப் போகவே இல்லை.

முதல் நாளைவிட அடுத்த நாள் பெரிதாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு செங்கல்பட்டு அடங்கிய தொண்டை மண்டலத்துக்குச் சினிமா கொண்டுவந்தது அல்ல. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரத் திரௌபதி அம்மன் கோயில்களில் அக்னி வசந்த விழா நடக்கும் நாட்களில் பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் தெருக்கூத்தும் நடக்கும். கதை இரவுக்கு இரவு வளர்ந்துகொண்டே போகும். கடைசியில் படுகளம். ஊர்த் திடலில் மண்ணைக் குழைத்து, மல்லாந்து கிடக்கும் துரியோதனனைப் பல ஆள் நீளத்துக்குச் செய்திருப்பார்கள். அரிதாரம் பூசிய பீமனும் துரியோதனனும் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு ஓடி, அந்த மண் உடம்பின் மேலேறிச் சண்டையிடுவார்கள். பீமனின் கதாயுதம் தொடையில் இறங்கும். உள்ளே புதைத்த சிவப்புக் கரைசல் கொப்பளித்து வெளியே வரும். கரைசல் எது, மண் எந்த ஏரிக்கரையில் எடுத்தது என்றெல்லாம் பார்ப்பவர்களுக்குத் தெரியும். ஆனாலும் சிலிர்க்கும். முடிந்ததும் அந்த மண்ணில் ஒரு பிடி வீட்டுக்குப் போகும்.

கடற்கரைப் பக்கம் வந்தால் மாமல்லபுரத்தில், ஏழாம் நூற்றாண்டு மகிஷாசுரமர்த்தினி குகையின் சுவரில், சிங்கத்தின் மேல் எட்டுக் கைகளோடு வில்லை இழுக்கும் துர்க்கை இருக்கிறாள். எதிரே கதாயுதத்தோடு பின்வாங்கும் எருமைத் தலையனின் உடம்பை மட்டும் சற்று நேரம் பாருங்கள். அவன் சாய்ந்திருக்கும் சாய்வு அடுத்த கணம் என்ன நடக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறது. இன்றைய சண்டைக் காட்சியில் ஸ்லோ மோஷன் செய்யும் வேலை அதுதான்.

தமிழ்த் திரையில் பார்ட் டூ முறையாகக் காலூன்றியது 1980களில். 1979இல் வந்த ‘கல்யாணராமன்’ கமல்ஹாசனை 1985இல் ‘ஜப்பானில் கல்யாணராமன்’ ஆக்கி எக்ஸ்போவுக்கு அனுப்பினார்கள். தமிழ் நாயகன் பெரிதாக வேண்டுமானால் ஜப்பான் விசா வேண்டும் என்ற நம்பிக்கை அப்போது இருந்திருக்க வேண்டும். வேலு பிரபாகரனின் ‘நாளைய மனிதன்’ (1989) அடுத்த ஆண்டே ‘அதிசய மனிதன்’ ஆனது. இவை தனித்தனி முயற்சிகள். தொழிலாக மாறவில்லை.

தொழிலாக மாற்றியது ‘சிங்கம்’ என்று சொல்லலாம். ஹரி இயக்கி, 2010 மே 28இல் வெளியான படம். அதன் பொறி எவ்வளவு சிறியது என்பதை இன்று பலர் மறந்திருப்பார்கள். சென்னையில் ஆள் கடத்திப் பணம் பறிக்கும் மயில்வாகனம், நிபந்தனை ஜாமீனுக்காகத் தூத்துக்குடிப் பக்கத்து நல்லூர் ஸ்டேஷனில் தினமும் கையெழுத்துப் போட வேண்டும். அவர் வேறு ஆளை அனுப்புகிறார். சப்-இன்ஸ்பெக்டர் துரைசிங்கம், நேரில் வந்து போடு என்கிறார். அவ்வளவுதான் தகராறு. ஊரில் எந்த ஸ்டேஷனிலும் நடக்கக்கூடியது. மயில்வாகனமாக வரும் பிரகாஷ்ராஜ் அவமானத்தோடு அந்த நோட்டில் கையெழுத்திடும்போது துரைசிங்கமாக வரும் சூர்யாவுக்குக் கிடைக்கும் மரியாதைதான், பின்னால் அவர் விடும் ஒன்றரை டன் அடியை நம்ப வைக்கிறது.

2013 ஜூலை 5இல் ‘சிங்கம் II’ வந்தபோது துரைசிங்கம் தூத்துக்குடிப் பள்ளியில் என்.சி.சி. மாஸ்டராக ஒளிந்திருந்து, போதைப்பொருள் கும்பலைப் பிடித்து, அதன் தலைவனைத் தேடித் தென்னாப்பிரிக்கா வரை போனார். 2017 பிப்ரவரி 9இல் வந்த மூன்றாம் பாகத்தில் விசாகப்பட்டினம் வழியாக ஆஸ்திரேலியா. ஒரு கையெழுத்து நோட்டில் தொடங்கிய சண்டை இரண்டு கண்டங்களைத் தாண்டியது. இந்தியில் ரோஹித் ஷெட்டி 2011இல் அதை ‘சிங்கம்’ என்றே மறுபடி எடுத்து, பார்ட் டூ, பார்ட் த்ரீ, கிளைப்படங்கள் என்று தனி ராஜ்ஜியமே நிறுவினார். நல்லூர் ஸ்டேஷனுக்கு இவ்வளவு பெரிய வாரிசுச் சொத்து சேரும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

உலகம் முழுக்க இதே கதைதான். 1982இல் வந்த முதல் ராம்போ படத்தில் சாவது ஒரே ஒருவர்; அடுத்தடுத்த படங்களில் எண்ணி மாளாது. ‘ஃபாஸ்ட் அண்ட் ஃப்யூரியஸ்’ 2001இல் லாரியில் போகும் டிவிடி பிளேயர்களைத் திருடும் கதையாகத் தொடங்கி, 2021இல் வந்த ஒன்பதாம் படத்தில் காரை விண்வெளிக்கு அனுப்பியது.

ரஜினியின் ‘எந்திரன்’ (2010) தன் உச்சக்கட்டத்திலேயே ஒரு பார்ட் டூ அளவு செலவழித்துவிட்ட படம். நூற்றுக்கணக்கான சிட்டி ரோபோக்கள் பந்தாகவும் பாம்பாகவும் ராட்சத மனிதனாகவும் ஒட்டிக்கொள்ளும் அந்தக் காட்சிக்கு மேல் ஷங்கர் எங்கே போவார் என்ற கேள்விக்கு, 2018 நவம்பர் 29இல் ‘2.0’ முப்பரிமாணத்தில் பதில் சொன்னது. ஊரார் கைகளில் இருந்து செல்போன்கள் பறந்துபோய் ராட்சதப் பறவையாகின்றன. அந்தப் பறவையை எதிர்க்க வரும் படையில் புறா மேலேறி வரும் குட்டி ரோபோக்களும் உண்டு. சரியாக ஓராண்டு கழித்து அதே தேதியில் செங்கல்பட்டு தனி மாவட்டமானது தற்செயல்தான். ஈ.சி.ஆரில் கானத்தூரில் உள்ள 16 திரை மாயாஜால் போன்ற வளாகங்களுக்கு இப்படிப்பட்ட படங்கள் தோது. ரஜினி படம் என்றால் ஒரே நாளில் பெரும்பாலான திரைகளுக்கும் அதையே போட்டு, கடற்கரைக்கு வந்த கூட்டத்தையும் உள்ளே இழுத்துவிடலாம்.

விநியோகஸ்தருக்கு பார்ட் டூ ஏன் பிடிக்கிறது என்பதற்குக் கலை விளக்கம் தேவையில்லை. புதுப் படத்தை எம்.ஜி.யில், அதாவது மினிமம் கியாரண்டியில், வாங்கினால் படம் விழுந்தாலும் கொடுத்த பணம் போனதுதான். நட்டம் அவர் தலையில். பெயர் தெரிந்த படத்துக்கு வெள்ளி முதல் ஞாயிறு வரையிலான ஓப்பனிங்காவது நிச்சயம். விளம்பரத்தில் பாதியை முதல் பாகம் முன்பே செய்து முடித்திருக்கும். டிவி உரிமைக்கும் ஓடிடி உரிமைக்கும் கேட்கும் விலைக்கு அதுவே சான்று.

ரசிகர் பக்கம் கணக்கு வேறு. காதில் பூச்சுற்றுவது என்ற சொல்வழக்கை வைத்துச் சொன்னால், முதல் பாகத்தில் இயக்குநர் ரசிகர் காதில் பூ வைக்கிறார்; இரண்டாம் பாகத்துக்கு ரசிகரே பூவோடு வருகிறார். 2017இல் ‘பாகுபலி 2’ல் வீரர்கள் பனைமரத்தை வளைத்து ஏறி, கேடயங்களைக் கூடாக்கிக்கொண்டு கோட்டைச் சுவரைத் தாண்டிப் பறந்தபோது அது நடக்குமா என்று யாரும் கேட்கவில்லை. விசில்தான் வந்தது. 2022 ஏப்ரலில் ‘கே.ஜி.எஃப் 2’ல் ராக்கி ஒரு போலீஸ் ஸ்டேஷனையே இயந்திரத் துப்பாக்கியால் சல்லடையாக்கிவிட்டு, சிவந்து கனன்ற குழாயில் சிகரெட் பற்றவைத்தார். ஒருநாள் முன்னதாக வந்திருந்த விஜய்யின் ‘பீஸ்ட்’டை எடுத்துவிட்டு அந்தக் கன்னட டப்பிங் படத்துக்குத் திரைகளைக் கூட்டினார்கள், அதுவும் தமிழ்நாட்டிலேயே.

பூவோடு வந்தவரை ஏமாற்றினால் மன்னிக்க மாட்டார். ‘சாமி’ (2003) திருநெல்வேலியின் சட்டை மடிப்பு கலையாத அதிகாரியால் ஓடியது. 15 ஆண்டு கழித்து வந்த ‘சாமி ஸ்கொயர்’ அவருடைய மகனைக் கொண்டுவந்தது, த்ரிஷா நடித்த புவனாவை ஐஸ்வர்யா ராஜேஷாக மாற்றியது. ‘இந்தியன்’ (1996) சேனாபதியின் கோபத்துக்குப் பின்னால் லஞ்சம் கொடுக்க மறுத்ததால் தீக்காயத்தோடு செத்த மகள் இருந்தாள். 2024 ஜூலை 12இல் வந்த ‘இந்தியன் 2’ல் நூறு வயதைத் தாண்டிய சேனாபதிக்கு ஒற்றைச் சக்கர வண்டியில் துரத்தல் காட்சி இருந்தது, மகள் இல்லை. வெளியான சில நாட்களில் படத்தில் சுமார் 12 நிமிடங்களை வெட்டினார்கள். மிகைப்படுத்தியதால் அந்தப் படங்கள் விழவில்லை. எதை மிகைப்படுத்துவது என்று தெரியாமல்தான் விழுந்தன.

நேர்மாறான பாடம் ‘விக்ரம்’. 1986இல் ராஜசேகர் இயக்கி, சுஜாதா எழுதிய அந்தப் படத்தில் திருடுபோன ஏவுகணையும் சலாமியா என்ற கற்பனை ராஜ்ஜியமும் உண்டு. 36 ஆண்டு கழித்து லோகேஷ் கனகராஜ் அந்தப் பெயரை எடுத்து, தன் ‘கைதி’ படத்தின் உலகத்தோடு முடிச்சுப் போட்டு, பேரனைக் காப்பாற்றத் துடிக்கும் தாத்தாவைக் கதைக்கு நடுவில் வைத்தார். கடைசியில் பீரங்கியே வெடிக்கிறது. ஆனால் 2022 ஜூனில் தியேட்டரை அதிரவைத்தவர்களில் ஒருவர், அதுவரை வீட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்து திடீரென்று ஏஜென்ட் டீனாவாக மாறிய அம்மாள்.

முன்கதை எழுதும் பழக்கமும் செங்கல்பட்டுக் கரைக்குப் புதிதன்று. கல்கி, மாமல்லபுரத்தைக் களமாக்கிய ‘சிவகாமியின் சபத’த்தை ‘பார்த்திபன் கனவு’க்குப் பின்னால்தான் எழுதினார், கதைக்காலமோ அதற்கு முந்தையது. ‘பில்லா II’ (2012) முன்கதையாக வந்தபோது குழம்பியவர்களுக்கு இந்தத் தகவல் உதவியிருக்கும்.

பார்ட் டூக்களின் பிரம்மாண்டத்துக்கு உடம்பால் விலை கொடுப்பவர்களின் பெயர் போஸ்டரில் வராது. 2020 பிப்ரவரி 19 இரவு, பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பூந்தமல்லிக்கு அருகே ‘இந்தியன் 2’ படப்பிடிப்பில் கிரேன் சாய்ந்து மூன்று பேர் இறந்தார்கள். 2024 ஜூலையில் ‘சர்தார் 2’ சண்டைக் காட்சிக்கான வேலையில் சுமார் 20 அடி உயரத்தில் இருந்து விழுந்து ஒரு ஸ்டண்ட் கலைஞர் இறந்தார். ஸ்டண்ட் இயக்குநர்களுக்குத் தேசிய விருது கிடைக்கத் தொடங்கியதே அண்மைக் காலத்தில்தான்; ‘கே.ஜி.எஃப்’ படங்களுக்காக அன்பறிவ் இரட்டையர் அதைப் பெற்றார்கள்.

2025 மார்ச் 27இல் இரண்டு இரண்டாம் பாகங்கள் ஒரே நாளில் வந்தன. ஒன்று மலையாளத்து ‘எம்புரான்’. மற்றது விக்ரம் நடித்த ‘வீர தீர சூரன்: பாகம் 2’. நீதிமன்ற வழக்கால் அதன் காலைக் காட்சிகள் ரத்தாகி, மாலையில்தான் திரைக்கு வந்தது. அன்று மாலை டிக்கெட் வாங்கி உள்ளே போனவர்கள் பார்த்த அந்தப் படத்தின் முதல் பாகம் அப்போது எடுக்கப்பட்டிருக்கவே இல்லை.