தொடாமல் நோக்கிய மருத்துவம்

குறைமாதக் குழந்தை பிழைக்குமா என்பதே ஒரு காலத்தில் கேள்வியாக இருந்தது. பிழைத்தபின் எழும் கேள்வி வேறு: இது நடக்குமா? இலண்டன் மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில் 1861-இல் குறைப்பிரசவத்தையும் கடினமான பேற்றையும் பிற்காலக் கைகால் விறைப்போடு இணைத்துப் பேசினார். ஆயினும் அதன்பின் நூறாண்டுகளுக்கு மேலாகப் பெற்றோர் பெற்ற மறுமொழி பெரும்பாலும் ஒன்றுதான்: "பொறுத்திருந்து பார்ப்போம்." மூளை முடக்குவாதம் உறுதிப்பட ஓராண்டோ ஈராண்டோ ஆகும்.

இந்நிலை மாறப் பெரிதும் காரணமானவர் ஆஸ்திரியரான ஹைன்ஸ் பிரெக்டல். பச்சிளங் குழந்தையைத் தட்டியும் தூக்கியும் அனிச்சைச் செயல்களைச் சோதிக்கும் முறைக்கு 1964-இல் கையேடு எழுதிய இருவருள் அவரும் ஒருவர். அவரே பின்னாளில் கைகளைக் கட்டிக்கொண்டு வெறுமனே பார்க்கலானார்! விழித்து மல்லாந்து கிடக்கும் சிசு, யாரும் தூண்டாமலே உடல் முழுவதையும் அசைக்கிறது. கருவில் ஒன்பதாம் வார அளவில் தொடங்கிய அசைவே அது. அவ்வசைவு நெளிந்தும் மாறியும் ஒழுகி வருகிறதா, அன்றிக் கைகால்கள் யாவும் ஒருசேர விறைத்து ஒருசேரத் தளர்கின்றனவா? நிறைமாதக் கணக்கு முடிந்து மூன்று மாத அளவில், கழுத்திலும் உடலிலும் கைகால்களிலும் சின்னஞ்சிறு துறுதுறுப்புத் தோன்றுகிறதா? சில நிமிட ஒளிப்பதிவே இதற்குப் போதும். துறுதுறு என்னும் நம் சொல் இதற்காகவே காத்திருந்தது போலும்.

1997-இல் பிரெக்டலும் இத்தாலி, நெதர்லாந்து நாட்டுத் தோழர்களும் 130 குழந்தைகளைப் பற்றிய முடிவுகளை 'லான்செட்' இதழில் வெளியிட்டனர். துறுதுறுப்பு இயல்பாக இருந்த 70 பேரில் 67 பேர் ஈராண்டு அளவில் நலமாயிருந்தனர். அது இல்லாத அல்லது பிறழ்ந்த 60 பேரில் 57 பேருக்குக் குறை காணப்பட்டது; அவர்களுள் 49 பேருக்கு மூளை முடக்குவாதம்.

எஞ்சிய மூவரை நாம் எளிதில் கடந்துவிட இயலவில்லை. குறை வரும் என்று அசைவு அறிவித்தும் நலமாய் வளர்ந்தவர்கள் அவர்கள். அவர்தம் அன்னையரிடம் மூன்றாம் மாதத்தில் என்ன சொல்லியிருக்க வேண்டும்? சொன்னால் வீண் துயரம். சொல்லாது காத்திருந்தாலோ, மற்ற ஐம்பத்தேழு குழந்தைகளுக்கு மூளை மிகுதியும் இளகியிருக்கும் மாதங்கள் பயிற்சியின்றிக் கழியும். பின்னதையே பெரிய இழப்பென்று நாம் கருதுகிறோம்.

2017-இல் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று, இவ்வசைவு நோக்கலைக் காந்தப் படமெடுப்போடும் நரம்பியல் சோதனையோடும் சேர்த்துப் பயன்படுத்தினால் ஆறு மாதத்திற்கு முன்பே நோயை அறியலாம் என்றது. உறுதி கூற முடியாதபோது "முடக்குவாத அபாயம் மிகுந்த குழந்தை" என்று இடைக்காலமாகக் குறித்து, அன்றே பயிற்சியைத் தொடங்கவும் பரிந்துரைத்தது.