ஒரே மாத்திரை, இரண்டு வரலாறு

போன வருடம் பெரியம்மாவின் தைராய்டு மாத்திரையை டாக்டர் நிறுத்திவிட்டார். பெரியம்மாவுக்கு வயது 71. இரண்டு மாதம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை. அதைக் கேட்டதும் அம்மாவும் யாரிடமும் சொல்லாமல் தன் மாத்திரையை நிறுத்திவிட்டார்.

"அக்காவுக்கு வேணாம்னா எனக்கு மட்டும் என்னத்துக்கு? என்னோட ரிப்போர்ட்டும் நார்மல்தானே தம்பி!"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நான் படித்தது பொறியியல். ஆனால் இந்த மாத்திரை எப்படி வந்தது என்று தேடிப் படித்தபோது அம்மாவின் கேள்விக்கான பதில் அந்த வரலாற்றிலேயே இருந்தது.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தியோடர் கோச்சர் என்ற அறுவை மருத்துவர் கழுத்துக்கழலைக்காகத் தைராய்டு சுரப்பியை முழுவதுமாக வெட்டி எடுத்துவந்தார். பிறகு அந்த நோயாளிகளைத் திரும்ப வரவழைத்துப் பார்த்தார். பலருக்கு முகம் ஊதி, உடம்பு சோர்ந்து, புத்தி மந்தமாகியிருந்தது. 1883-இல் அதை அவரே வெளிப்படையாக அறிவித்தார். சுரப்பி இல்லாமல் மனிதன் தேறமாட்டான் என்று உலகம் கற்றுக்கொண்டது இப்படித்தான்.

1891-இல் இங்கிலாந்தின் நியூகாசலில் ஜார்ஜ் மர்ரி, 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டார். வீக்கம் வடிந்தது, பேச்சு தெளிந்தது. பின்னர் அதையே வாய்வழியாகக் கொடுத்தார். அந்தப் பெண் மேலும் 28 வருடம் வாழ்ந்து 1919-இல் தன் 74-ஆவது வயதில் இறந்தார். அதற்குள் அவருக்காக 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் செலவாகியிருந்தன. 1914-இல் அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டல் தைராக்சினைப் பிரித்தெடுத்தார். 1927-இல் ஹாரிங்டனும் பார்ஜரும் அதை ஆய்வுக்கூடத்திலேயே தயாரித்தார்கள். இன்று நம் வீட்டு மேசையில் இருக்கும் மாத்திரை அந்த வழியில் வந்ததுதான்.

இது முதல் வரலாறு. இதில் நோயாளியைப் பார்த்தாலே நோய் தெரியும்.

இரண்டாவது வரலாறு ரத்தப் பரிசோதனையோடு தொடங்குகிறது. தைராய்டு குறைந்தால் மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி 'இன்னும் சுர' என்று டிஎஸ்எச்சை அதிகமாக அனுப்பும். 1960-களில் அதை ரத்தத்தில் அளக்க முடிந்தது. அதன் பிறகு தைராய்டு ஹார்மோன் சரியாகவே இருந்தும் டிஎஸ்எச் மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கும் ஆட்களும் நோயாளிகள் ஆனார்கள், மாத்திரையும் தொடங்கினார்கள். 2017-இல் வெளிவந்த ஓர் ஐரோப்பிய ஆய்வு 65 வயதைத் தாண்டிய இப்படிப்பட்ட 737 பேரைப் பார்த்தது. மாத்திரை எடுத்தவர்களின் களைப்பு, எடுக்காதவர்களின் களைப்பைவிடக் குறையவில்லை.

பெரியம்மா இந்த இரண்டாவது வரலாற்றைச் சேர்ந்தவர். அவருடைய முதல் டிஎஸ்எச் 6 மட்டும்தான்.

அம்மா? கிளினிக் அட்டைகளைப் போட்டுவைக்கும் மைலோ டின்னைக் கிளறினேன். 14 வருடத்துக்கு முந்தைய தாள் கிடைத்தது. டிஎஸ்எச் 68, ஹார்மோன் அடிமட்டத்தில். மர்ரியின் நோயாளி இருந்த அதே பக்கம்.

"ரூம்ல ஏர்கோன் ஓடுறதாலதான் குளிரா இருக்கு. குளிராத்தானே இருக்குன்னு ஏர்கோனை அடைச்சா என்னம்மா ஆகும்?" என்று கேட்டேன். ரிப்போர்ட்டில் இருந்த 'நார்மல்' சுரப்பியுடையது இல்லை, மாத்திரையுடையது.

"நிறுத்தி ரெண்டு வாரமும் நல்லாத்தானே இருந்தேன்?" என்றார். அதற்கும் காரணம் உண்டு. தைராக்சின் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் எடுக்கும். உள்ளே இருந்த மிச்சம்தான் அம்மாவைத் தாங்கியிருக்கிறது. ஐந்தாவது வாரத்தில் கிள்ளானின் மதிய வெயிலில் அம்மா காற்றாடியை அடைக்கச் சொன்னார். குரலும் கட்டியிருந்தது.

மறுநாள் டாக்டரிடம் போனோம். பழைய தாளைக் காட்டினேன். மாத்திரையைத் திரும்பத் தொடங்கச் சொல்லி, எட்டு வாரம் கழித்து ரத்தம் எடுக்கத் தேதி கொடுத்தார்.

நிறுத்தலாமா என்று கேட்பது தப்பில்லை. கேட்டதால்தான் பெரியம்மாவுக்குத் தேவையில்லாத ஒரு மாத்திரை குறைந்தது. ஆனால் அதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: முதலில் எதற்காகத் தொடங்கினார்கள்? அந்தப் பழைய தாளை இப்போது பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.