நியூ கேம் பிளஸ்

வீடியோ கேம் ஒன்றை ஆடி முடித்தவர், அதில் ஈட்டிய லெவல், திறன்கள், ஆயுதங்கள் ஆகியவற்றைக் கையோடு எடுத்துக்கொண்டு கதையை முதலிலிருந்து மறுபடி ஆட வழிசெய்யும் முறை நியூ கேம் பிளஸ் எனப்படும். பாத்திரமேற்று ஆடும் ஆர்.பி.ஜி. வகையில்தான் இது ஆழமாக வேரூன்றியது. நாள்கணக்கில் பாடுபட்டு வளர்த்த நாயகன், கடைசி எதிரி வீழ்ந்த அன்றே வேலையற்றுப் போவது அந்த வகை ஆட்டத்தில்தான் பெரும் ஏமாற்றமாக இருக்கும்.

பெயரைப் பரப்பிய ஆட்டம் குரோனோ டிரிக்கர். ஜப்பானின் ஸ்கொயர் நிறுவனம் 1995 மார்ச்சில் சூப்பர் ஃபாமிகாமில் இதை வெளியிட்டது. ஃபைனல் ஃபேன்டசியின் ஹிரோனோபு சகாகுச்சி, டிராகன் குவெஸ்டின் யூஜி ஹோரி, டிராகன் பால் ஓவியர் அகிரா தோரியாமா மூவரும் சேர்ந்த படைப்பு அது. ஜப்பானிய மொழியில் இந்த முறையின் பெயர் 'ட்சுயோகுதே நியூ கேம்'. வலிமையோடு ஒரு புதிய ஆட்டம் என்று பொருள்படும். ஆங்கிலப் பதிப்பில் வலிமை போய், ஒரு கூட்டல் குறி வந்தது. இரண்டாம் சுற்று என்ற எண்ணம் அதற்கும் மூத்தது. 1986இல் வந்த தி லெஜெண்ட் ஆஃப் செல்டாவை முடித்தவருக்கு, நிலவறைகள் மாற்றியமைக்கப்பட்ட இன்னொரு தேடல் காத்திருந்தது. ஆனால் அதில் பழைய சம்பாத்தியம் கூட வராது.

காலப்பயணக் கதையான குரோனோ டிரிக்கர் தொடங்குவது கி.பி. 1000இல், கார்டியா ராஜ்யத்தின் ஆயிரமாவது ஆண்டுத் திருவிழா நாளில். அம்மா திரைச்சீலையை விலக்கி எழுப்ப, நாயகன் க்ரோனோ திடலுக்குப் போகிறான். அவன் தோழி லூக்கா அங்கே ஆளை இடம்பெயர்க்கும் இயந்திரம் ஒன்றைக் காட்சிக்கு வைத்திருக்கிறாள். இடப்பக்கம் ஒரு மேடை, வலப்பக்கம் ஒரு மேடை. இரண்டாம் சுற்றில் மட்டும் வலப்பக்க மேடையில் சின்னதாக ஓர் ஒளி மினுக்கும். அதில் ஏறினால், 1999இல் உலகை அழிக்கப்போகும் லாவோஸின் முன் நேரே போய் நிற்கலாம். கதையின் முதல் அரைமணி நேரத்திலேயே கடைசிச் சண்டை!

லாவோஸைக் கதையின் எந்தக் கட்டத்தில் வீழ்த்துகிறோம் என்பதைப் பொறுத்து முடிவு மாறுகிறது. இப்படிப் பத்துக்கும் மேற்பட்ட முடிவுகள் உள்ளன. ஆதிகாலத்தில் மனிதரோடு போரிடும் பல்லியினத்தை அடக்குவதற்கு முன்பே லாவோஸை முடித்துவிட்டால், க்ரோனோவின் ஊரில் எல்லோரும் பல்லி முகத்தோடு நடமாடுவார்கள். திருவிழாவிலிருந்தே நேராகப் போய் வென்றவரை ஆட்டத்தை உருவாக்கியவர்களே வரவேற்றுப் பேசுவார்கள்.

எல்லாமே கூட வருவதில்லை. பணம் வராது. மசமூனே வாள் போல, கதையோடு பிணைந்த பொருள்களையும் மறுபடி தேடித்தான் அடைய வேண்டும். இந்தக் கணக்கு சரியானது. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் கதை நகர்வதற்குக் காரணமே இருக்காது.

எண்களுக்குள் அடங்காத ஒன்றும் கூட வருகிறது, ஆடுபவரின் நினைவு. திருவிழாவில் யாரோ மேசைமேல் வைத்த சாப்பாட்டை முதல் முறை எடுத்துத் தின்றுவிடுகிறோம். அப்போது யாரும் தடுப்பதில்லை. பிறகு, இளவரசியைக் கடத்தியதாக க்ரோனோ கூண்டில் நிற்கும்போது சாப்பாட்டுக்காரர் சாட்சி சொல்ல வருகிறார். ஏழு ஜூரிகளும் அதைக் கேட்டுத்தான் தீர்ப்பளிக்கிறார்கள். மறுசுற்றில் அதே மேசையைக் கடக்கும்போது கை தானாகத் தயங்கும். நடக்கப்போவதை அறிந்து பழைய நாளுக்குத் திரும்புவதுதான் கதையின் கரு. மறுசுற்றில் ஆடுபவரும் காலப்பயணி ஆகிவிடுகிறார். இதை இத்தனை இயல்பாகச் சாதித்த ஆட்டங்கள் மிகச் சில.

வலிமையோடு திரும்பினால் தொடக்க எதிரிகள் ஒரே வெட்டில் சாய்வார்கள், சுவை குன்றும். இதற்குப் பலரும் எதிரிகளின் பலத்தைக் கூட்டி விடை கண்டார்கள். 2011இன் டார்க் சோல்ஸில் ஒவ்வொரு சுற்றிலும் எதிரிகள் வலுக்கிறார்கள். 2014இல் வந்த அதன் இரண்டாம் பாகம், முன்பு இல்லாத இடங்களிலும் புது எதிரிகளை நிறுத்தியது. வழி தெரியும் என்ற நம்பிக்கையோடு போகிறவருக்கு அது நல்ல அடி. தி விட்சர் 3 தன் வெளியீட்டுக்குச் சில மாதங்கள் கழித்து, 2015இலேயே, இந்த முறையை இலவசமாகச் சேர்த்தது.

யோகோ டாரோ இயக்கிய நியர் (2010) வேறு வழியில் போனது. அதில் மறுசுற்று கதையின் பாதியிலிருந்து தொடங்கும். முதல் சுற்றில் வெறும் இரைச்சலாகக் கேட்ட எதிரிகளின் குரல் இப்போது பேச்சாகப் புரியும். இரும்புக் குப்பைமேட்டில் நாம் அடித்து நொறுக்கிய இயந்திரம், தனித்துப்போன ஒரு குழந்தைக்குத் துணையாக இருந்தது. வெளி உலகைப் பார்க்க வேண்டும் என்பது அவர்களின் ஆசை. சண்டை அதேதான், பொத்தான்களும் அவையேதான். ஆனால் இந்த முறை அடிக்கக் கை வருவதில்லை.

அதன் நான்காவது முடிவைத் தேர்ந்தால், ஒரு பாத்திரத்தின் உயிருக்கு ஈடாக ஆடுபவரின் சேவ் கோப்புகள் முழுவதும் அழிக்கப்படும். ஆயுதப் பட்டியல், வரைபடம் என்று ஒவ்வொரு பக்கமாகக் கண்முன்னே வெறுமையாகும். 2021இல் வந்த மறுபதிப்பில், எல்லாம் அழிந்த பிறகும் வெறுங்கையோடு புது ஆட்டம் தொடங்குபவருக்கு, நடுவழியில் ஐந்தாவது முடிவு ஒன்று திறக்கிறது. அதை எட்டியவருக்கு அழிந்த கோப்புகள் திரும்பக் கிடைக்கும்.