கழற்றிப் போட்ட கிலோக்கள்: குவாட் பைக், ஓசூர், சோழவரம்

ஒரு வண்டி இன்னும் வேகமாகக் கிளம்ப வேண்டுமென்றால் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, எஞ்சினின் சக்தியைக் கூட்டுவது. அதற்குக் காசு வேண்டும். இன்னொன்று, வண்டியின் எடையைக் குறைப்பது. அதற்கு ஒரு ஸ்பேனர் செட் போதும். ஏழை ரேஸ்காரன் எந்த ஊரில் இருந்தாலும் முதலில் கையில் எடுப்பது ஸ்பேனரைத்தான்.

டிராக் ரேஸுக்காக ஸ்போர்ட் குவாட் எனப்படும் நாலு சக்கர பைக்கின் எடையைக் குறைப்பதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. "தர்மபுரிப் பக்கத்துக்கும் குவாட் பைக்குக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. அதற்கு முன்னால் கொஞ்சம் கணக்கு.

நேர்கோட்டில், நின்ற இடத்திலிருந்து கிளம்பி, குறிப்பிட்ட தூரத்தை யார் முதலில் கடக்கிறார்கள் என்பதுதான் டிராக் ரேஸ். பழைய அளவு கால் மைல், அதாவது 402 மீட்டர். மண்ணில் ஓடும் குவாட்களுக்குப் பெரும்பாலும் 300 அடிதான். இந்தப் பந்தயத்தில் ஓட்டுகிறவர்கள் கைக்கணக்காக ஒன்று வைத்திருக்கிறார்கள்: கால் மைலுக்கு ஆகும் நேரம், எடையைக் குதிரைத்திறனால் வகுத்து வரும் எண்ணின் கனமூலத்தைப் பொறுத்தது. பயப்பட வேண்டாம், உதாரணம் பார்த்தால் புரிந்துவிடும். குவாட் 175 கிலோ, ஓட்டுபவர் 75 கிலோ, மொத்தம் 250. இதில் 25 கிலோவைக் கழற்றிவிட்டால் எடையில் 10 சதவீதம் போகிறது. நேரத்தில் குறைவது சுமார் 3.5 சதவீதம். 12 விநாடி எடுத்த வண்டி 11.6-க்கு வரும். அரை விநாடிகூட இல்லையேன்னு தோணும். ஆனால் டிராக் ரேஸில் 0.4 விநாடி என்பது பல வண்டி நீள வித்தியாசம்.

இந்தக் கணக்கில் ஓட்டுபவரின் தொப்பையும் சேர்த்தி என்பதைக் கவனியுங்கள். இன்னொரு நுணுக்கமும் உண்டு. சுழலும் பாகத்தின் எடை இரட்டிப்பாக உறைக்கும். ரிம்மையும் டயரையும் ஒட்டி இருக்கும் ஒரு கிலோவை முன்னால் தள்ளவும் வேண்டும், சுழற்றவும் வேண்டும். வேகமெடுக்கும்போது அது ஏறத்தாழ இரண்டு கிலோவுக்குச் சமம். அதனால் விவரம் தெரிந்தவர்கள் சீட்டை மாற்றுவதற்கு முன்பு சக்கரத்தைப் பார்ப்பார்கள்.

எடையைக் கழற்றும் இந்த வழக்கம் குவாட் வருவதற்கு வெகு காலம் முன்பே உள்ளது. 1930-களில் கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் பையன்கள் பழைய ஃபோர்டு கார்களின் மட்கார்டு, கதவு, கூரை எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு ஓட்டினார்கள். அந்தக் கூட்டத்தை ஒழுங்குக்குள் கொண்டுவரத்தான் வாலி பார்க்ஸ் 1951-ல் என்எச்ஆர்ஏ என்ற தேசிய அமைப்பைத் தொடங்கினார்.

ஐரோப்பாவில் நடந்தது இன்னும் சுவாரசியம். 1934-ல் கிராண்ட் பிரி கார்களுக்கு ஒரு விதி வந்தது: 750 கிலோவுக்கு *மேல்* இருக்கக் கூடாது. எடைக்கு உச்சவரம்பு வைத்தால் பெரிய எஞ்சின் போட முடியாது, வேகம் தானாகக் குறையும் என்று நினைத்தார்கள். நடந்தது நேர் எதிர். ஜெர்மன்காரர்கள் லேசான உலோகங்களால் உடம்பைச் செய்து, மிச்சமான எடையை எஞ்சினுக்குக் கொடுத்தார்கள். 1937-ல் மெர்சிடிஸ் டபிள்யூ 125 கார் 550-க்கும் மேற்பட்ட குதிரைத்திறனோடு வந்து நின்றது. மெர்சிடிஸ் கார் ஒரு கிலோ அதிகமாக இருந்ததால் ராத்திரியோடு ராத்திரியாக வெள்ளைப் பெயிண்டைச் சுரண்டி எடுத்தார்கள், அதனால்தான் 'வெள்ளி அம்பு' என்ற பெயர் வந்தது என்று ஒரு கதை இன்றும் உலவுகிறது. வரலாற்றாசிரியர்கள் பலர் இதை நம்புவதில்லை. ஆனாலும் கதை சாகவில்லை. ஒரு கிலோவுக்காகப் பெயிண்டைச் சுரண்டுகிறவன் எல்லா ரேஸ் கொட்டகையிலும் உண்டு என்பதுதான் காரணம்.

சரி, குவாட்டுக்கு வருவோம். ஹோண்டா 1970-ல் மூன்று சக்கர வண்டியை விற்கத் தொடங்கியது. 1982-ல் சுசுகி நாலு சக்கரத்தோடு எல்டி125 மாடலைக் கொண்டுவந்தது. மூன்று சக்கர வண்டிகள் கவிழ்ந்து ஏராளமானோர் அடிபட்டதால், 1988-ல் அமெரிக்க அரசுடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி கம்பெனிகள் அவற்றை அங்கே விற்பதை நிறுத்தின. களம் குவாட்டுக்கு வந்தது. டிராக் ரேஸ்காரர்களின் செல்லப்பிள்ளை 1987-ல் வந்த யமஹா பான்ஷி. 347 சிசி, இரட்டை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். நம்ம ஊர் ராஜ்தூத் 350-க்கு அது தூரத்துச் சொந்தம். இரண்டும் யமஹா ஆர்டி பைக் குடும்பத்தில் வந்தவை.

பான்ஷியை டிராக்குக்குத் தயார் செய்கிறவர்கள் எதையெல்லாம் கழற்றுகிறார்கள்? முன் பம்பர், ஹெட்லைட், பின்னால் உள்ள கைப்பிடிக் கம்பி, அகலமான பிளாஸ்டிக். பெரிய டேங்க் போய், ஒரு ஓட்டத்துக்குப் போதுமான சின்ன டேங்க் வருகிறது. இரும்பு போல்ட்டுக்குப் பதில் அலுமினியமும் டைட்டானியமும். முன் சாக் அப்சார்பருக்குப் பதிலாக வெறும் கம்பி. சிலர் முன் பிரேக்கையே கழற்றிவிடுகிறார்கள். ஆனால் ஒரு இடத்தில் மட்டும் எடையைக் *கூட்டுகிறார்கள்*. பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மை நீளமாக்குகிறார்கள். முன்பக்கம் லேசாகிப்போன வண்டி, ஆக்சிலேட்டரைத் திருகினால் குதிரை மாதிரி எழும்பிவிடும். எழும்பினால் நேரம் போச்சு, ஆளும் போகலாம். சில கிலோ சேர்த்து வண்டியைத் தரையில் பிடித்து வைப்பதும் வேகத்துக்கான வேலைதான்.

இனி நம்ம ஊர். குவாட்டைக் கொண்டுவந்த அதே சுசுகி, அதே 1982 வாக்கில் இந்தியாவில் கைகோத்தது ஓசூரில் இருந்த டிவிஎஸ் குழுமத்தோடு. 1984-ல் இண்ட்-சுசுகி ஏஎக்ஸ்100 பைக் வெளிவந்தது. அப்போது ஓசூர் தர்மபுரி மாவட்டம். சேலத்திலிருந்து 1965-ல் பிரிந்த அந்த மாவட்டத்திலிருந்து கிருஷ்ணகிரி தனியானது 2004-ல்தான். கம்பெனி தன் ரேஸ் பிரிவைத் தொடங்கியதும் 1982-ல்தான்.

ஆனால் எடை விஷயத்தில் ஓசூரின் பெரிய சாதனை அதற்கு முன்பே, 1980-ல் வந்த டிவிஎஸ் 50. ஸ்கூட்டரில் இருந்த கியர், தகர உடம்பு, ஸ்டெப்னி எதுவும் கிடையாது. 50 சிசி எஞ்சின், ஒரு குழாய்ச் சட்டம், இரண்டு பேர் உட்கார இடம். டிராக் ரேஸ்காரன் செய்கிற அதே வேலைதான் இது. நோக்கம் மட்டும் வேறு. அவன் வேகத்துக்காக எடையைக் கழற்றினான். இங்கே சுமைக்காகக் கழற்றினார்கள். வண்டியில் மிச்சமான ஒவ்வொரு கிலோவும் தக்காளிக் கூடைக்கும் பால் கேனுக்கும் இடமானது. பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் காலையில் சந்தை ரோட்டில் நின்று பார்த்தால் இந்தக் கணக்கு யாரும் சொல்லாமலே விளங்கும்.

வேகத்துக்காகக் கழற்றிய கதை சோழவரத்தில் நடந்தது. சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் அது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல வருஷம் பந்தயம் நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டைக்கு மாறியது. பணமுள்ளவர்கள் வெளிநாட்டு ரேஸ் கார்களை இறக்கினார்கள். மற்றவர்களுக்கு வழி காட்டியவர் கோயம்புத்தூர் கரிவர்தன். 1988 வாக்கில் அவர் மாருதி 800-ன் 796 சிசி எஞ்சினை எடுத்துக்கொண்டார். 40 குதிரைத்திறன்கூட முழுசாக இல்லாத எஞ்சின். கதவு, கூரை, கண்ணாடி, பின்சீட்டு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, குழாய்ச் சட்டத்தில் ஒற்றை ஆள் உட்காரும் காரைக் கட்டினார். ஃபார்முலா மாருதி பிறந்தது. எஞ்சினைப் பெரிசாக்காமல் காரைச் சின்னதாக்கிய வேலை அது. அந்த வகைக் காரில் பந்தயம் தொடங்கிய நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன்னுக்குப் போனார். கரிவர்தன் அதைப் பார்க்கவில்லை. 1995-ல் விமான விபத்தில் இறந்துவிட்டார்.

இன்று குவாட்டுக்குக் கிட்டத்தட்ட அதே கணக்கை நம் இஞ்சினியரிங் மாணவர்கள் போடுவது பாஹா எஸ்ஏஇ இந்தியா போட்டியில். 2007-ல் மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில் தொடங்கியது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளும் போகின்றன. பெட்ரோல் வண்டிகள் எல்லாவற்றுக்கும் ஒரே எஞ்சின், 10 குதிரைத்திறன். சக்தி சமம் என்றால் மிச்சம் இருக்கும் ஆயுதம் எடைதான். ஆனால் கூண்டின் முக்கியக் குழாய்கள் இவ்வளவு பலத்துக்குக் குறையக் கூடாது என்று விதி கட்டிப் போட்டிருக்கிறது. சாதா இரும்புக்குப் பதில் குரோமோலி போட்டு மெல்லிசாக்கலாம்; பலத்தைக் குறைக்கக் கூடாது.

1934-ல் எடைக்கு உச்சவரம்பு இருந்தது என்றேன். இன்றைக்கு ஃபார்முலா ஒன்னில் இருப்பது கீழ்வரம்பு: 2025-ல், ஓட்டுநரையும் சேர்த்து 800 கிலோ. இந்தத் தலைகீழ் மாற்றத்துக்குப் பின்னால் நிறைய சாவுகள் இருக்கின்றன. விட்டால் ரேஸ்காரன் தன்னைக் காப்பாற்றும் இரும்பையும் கழற்றிவிடுவான் என்பதை விதி எழுதுகிறவர்கள் அனுபவத்தில் கற்றார்கள்.

இதை எழுதக் காரணமே இந்த இடம்தான். பைக்கின் மட்கார்டு, கண்ணாடி, சைலன்சர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு நெடுஞ்சாலையில் பந்தயம் விடும் பையன்களை நாம் பார்க்கிறோம். டிராக்கில் முன் பிரேக் இல்லாமல் ஓட்டுகிறவனுக்கு முன்னால் காலி ரோடு நீண்டு கிடக்கிறது; எதிரே யாரும் வருவதில்லை. தர்மபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் தொப்பூர் கணவாய் இறக்கத்தில், பின்னால் பாரம் ஏற்றிய லாரி பிரேக் சூடேறி இறங்கிக்கொண்டிருக்கும். அங்கே உங்கள் எடை எவ்வளவு என்பது முக்கியமில்லை, அந்த லாரியின் எடைதான் முக்கியம்.

தம்பிகளுக்குச் சொல்ல விரும்புவது இதுதான். கழற்றணும்னா ரிம்மில் தொடங்குங்க, உடம்பு எடையையும் குறைங்க, முறையான டிராக்குக்குக் கொண்டு போங்க. பிரேக், ஹெல்மெட், சட்டம் இந்த மூன்றிலும் கை வைக்காதீங்க. கரிவர்தன் கதவைக் கழற்றினார், கூரையைக் கழற்றினார். ஆளைச் சுற்றியிருந்த குழாய்ச் சட்டத்தை மட்டும் புதுசாக, பலமாகக் கட்டினார்.