திரும்பி வரும் முடி, திரும்பாத தோல்

உடம்பு இளைத்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இரண்டு புகார்கள் வரும். ஒன்று எல்லோருக்கும் கேட்கும்படி வரும்: சீப்பு வைத்தால் முடி கொத்துக் கொத்தாக வருகிறது. மற்றது நெருங்கியவர்களிடம் மட்டும் தாழ்ந்த குரலில் வரும்: வயிறு, மேல்கை, தொடை எல்லாம் தோல் தொங்குகிறது. முதல் புகாருக்குப் பயந்து உணவுக் கட்டுப்பாட்டையே கைவிட்டவர்கள் உண்டு. இரண்டாவதைப் பற்றி முன்கூட்டியே விசாரித்தவர்கள் மிகக் குறைவு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், நாம் கவலையைத் தவறான இடத்தில் செலவழிப்பது தெரியும்.

முதலில் முடி. தலையில் ஏறக்குறைய 1 லட்சம் முடிகள் இருக்கின்றன. அவற்றில் 85 முதல் 90 சதவீதம் வளர்ந்துகொண்டிருக்கும். மீதியில் பெரும்பகுதி மூன்று மாத அளவுக்கு ஓய்வில் கிடந்து பிறகு உதிரும். நாளைக்கு 50 முதல் 100 முடி விழுவது இயல்பு. சாப்பாடு சட்டென்று குறைந்தால், உயிர்வாழ அவசியமில்லாத வேலைகளில் உடல் சிக்கனம் பிடிக்கிறது. வளரும் நிலையில் இருந்த வேர்க்கால்கள் கூட்டமாக ஓய்வுக்குப் போய்விடுகின்றன. ஆனால் முடி விழுவது இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான். அதற்குள் பட்டினி கிடந்தது மறந்துபோயிருக்கும். பழி புது ஷாம்பு மேலோ போர் தண்ணீர் மேலோ விழும்.

இந்த உதிர்வை 1961-ல் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் டெலோஜன் எஃப்ளூவியம் என்ற பெயரில் விவரித்தார். பிரசவத்துக்குப் பிறகும் வரும் இந்த உதிர்வு நம் வீடுகளில் முன்பே தெரிந்த சங்கதி. குழந்தை முகம் பார்க்க ஆரம்பித்தால் தாய்க்கு முடி கொட்டும் என்பார்கள். பிள்ளையின் பார்வைக்கும் முடிக்கும் சம்பந்தமில்லை. மாதக் கணக்கு மட்டும் மிகச் சரி. டைபாய்டு, டெங்கு வந்து போன பிறகு கொட்டுவதும் இதே வகைதான்.

கொழுத்த உடம்புக்குத்தான் இப்படி என்றும் இல்லை. 1944-45-ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் நடத்திய அரைப்பட்டினிப் பரிசோதனையில் 36 ஆரோக்கியமான இளைஞர்கள் கலந்துகொண்டார்கள். 24 வார அரைவயிற்றுச் சாப்பாட்டில் உடல் எடையில் கால்பங்கு போனது. முடி மெலிந்தது, தோல் வறண்டு சொரசொரப்பானது. பட்டினியின் கணக்கை உடல் எங்கே எழுதும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பதிவு குறைவு.

இன்றைய எடைக்குறைப்பு ஊசிகள் மேல் சுமத்தப்படும் முடிக் குற்றச்சாட்டையும் இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். வெகோவி ஊசியின் பரிசோதனைகளில் மருந்து போட்டவர்களில் 3 சதவீதமும் மருந்தில்லாத ஊசி போட்டவர்களில் 1 சதவீதமும் முடி கொட்டியதாகச் சொன்னார்கள். மவுன்ஜாரோவில் இருக்கும் டிர்செபடைடைப் போட்ட பெண்களில் இது 7 சதவீத அளவில் இருந்தது. ஆண்களில் 1 சதவீதம்கூட இல்லை. மருந்து வேர்க்காலைத் தாக்குகிறது என்பதைவிட, எடை வேகமாக இறங்குவதுதான் காரணம் என்பதே பெரும்பாலான மருத்துவர்களின் கருத்து.

வேர்க்கால் சாவதில்லை என்பதால் முடி திரும்ப வரும். எடை நிலைத்து, சாப்பாடு சரியானால் ஆறு மாத வாக்கில் உதிர்வு அடங்கும். மாதத்துக்கு 1 சென்டிமீட்டர் அளவில்தான் முடி வளரும் என்பதால் பின்னல் பழைய பருமனுக்கு வர ஒரு வருஷத்துக்கு மேல் பிடிக்கும். பரம்பரை வழுக்கை மறைந்திருந்தால் இந்த உதிர்வு அதை வெளியே கொண்டுவந்துவிடும் என்பது மட்டும் ஒரு விதிவிலக்கு.

தோலின் கதை வேறு. இதற்கு ஓய்வு, விழிப்பு என்ற சுழற்சியெல்லாம் கிடையாது. தோலின் நடு அடுக்கில் உறுதி தருவது கொலாஜன்; இழுத்தால் திரும்பச் சுருங்க வைப்பது எலாஸ்டின். இந்த எலாஸ்டினைக் கருவிலும் சிறுவயதிலும்தான் உடல் பெரும்பாலும் நெய்து முடிக்கிறது; அதன் பிறகு புதிதாகச் செய்வது சொற்பம். பல வருஷம் விரிந்தே இருந்த தோல், பழைய பாவாடையின் எலாஸ்டிக் மாதிரி, இழுவிசையை விட்டுவிடுகிறது. நிறைய எடை இறங்கியவர்களின் தோலை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தபோது இழைகள் மெலிந்தும் அறுந்தும் கிடந்தது தெரிந்தது. எவ்வளவு தொங்கும் என்பது எத்தனை கிலோ போனது, எத்தனை வருஷம் சுமந்தோம், இப்போது என்ன வயது, புகைப்பழக்கம் உண்டா, வெயிலில் எவ்வளவு காய்ந்தோம் என்பதையெல்லாம் பொறுத்தது. 25 வயதில் 10 கிலோ குறைத்தவருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. 50 வயதில் 40 கிலோ குறைத்தவருக்கு வயிற்றுத் தோல் மடிந்து விழலாம்.

அழகுப் பிரச்சினை என்று இதை ஒதுக்குவது அநியாயம். நம் ஊர் வெக்கையில் அந்த மடிப்புக்குள் வியர்வை தேங்கி, அரிப்பும் படர்தாமரையும் நாற்றமும் வரும். நடந்தால் தொடை உரசிப் புண்ணாகும். ஆனாலும் தொங்கும் தோலை வெட்டியெடுக்கும் அறுவைக்குக் காப்பீட்டில் பணம் கேட்டால், அழகு சிகிச்சை என்று சொல்லித்தான் பெரும்பாலும் மறுப்பார்கள். அந்த அறுவையும் எளிதல்ல. இடுப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை தழும்பு நிற்கும், எடை ஆறு மாதமாவது நிலைத்த பிறகே செய்வார்கள்.

தோலுக்கு நல்ல செய்தியே இல்லையா என்றால், உண்டு. இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் கழுத்திலும் அக்குளிலும் படியும் கருமை, எடை இறங்க இறங்க மங்கும். அழுக்கென்று நினைத்து அதைப் பீர்க்கங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துத் தோலை ரணமாக்கியவர்கள் இதை அறிய வேண்டும். அதே இடங்களில் முளைக்கும் சிறு மருக்கள் தாமாக விழாது என்றாலும் கருமை குறைவதே பெரிய ஆறுதல். முடியிலும் இப்படி ஒரு விசித்திரம் உண்டு: பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறு உள்ள பெண்ணுக்குத் தலைமுடி கொட்டும் அதே வருஷத்தில் மோவாயில் முளைக்கும் முடி மெதுவாக மெலியலாம்.

கடைக்காரர்களுக்கு இந்த வேறுபாடுகளெல்லாம் தேவையில்லை. முடிக்குப் பயோட்டின் மாத்திரை, தோலுக்கு இறுக்கும் கிரீம். தானாக வரப்போகிற முடிக்குப் பெருமை மாத்திரைக்குப் போகிறது. வராத இறுக்கத்துக்குக் கிரீமை இன்னும் ஆறு மாதம் தடவச் சொல்கிறார்கள். பயோட்டின் குறைபாடு இல்லாதவருக்கு அந்த மாத்திரையால் பயன் இருப்பதாக உறுதியான சான்று இல்லை. அதிக அளவில் விழுங்கினால் தைராய்டு, மாரடைப்புக்கான ரத்தப் பரிசோதனை முடிவுகளையே அது குழப்பும். மேலே பூசும் கிரீம் அறுந்த எலாஸ்டினை ஒட்டவைக்காது. முடி வளரத் தேவையான புரதத்துக்கு, கிரீம் வாங்கும் காசில் முட்டை வாங்கலாம். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் கொள்ளில் 22 கிராம் அளவுக்குப் புரதம் உண்டு. கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று சொன்னவர்கள் கொழுப்பை நினைத்துத்தான் சொன்னார்கள். முடிக்கும் அது உதவுவது உபரி லாபம்.

ஆகவே எடை குறைக்கத் தொடங்குமுன்பே மருத்துவரிடம் முடி, தோல் இரண்டைப் பற்றியும் கேளுங்கள்: உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் எனக்கு எவ்வளவு, நாளைக்கு எத்தனை கிராம் புரதம் வேண்டும்? நான் குறைக்க நினைக்கும் அளவுக்குத் தோல் எவ்வளவு தொங்கும்? மூன்றாம் மாதம் முடி கொட்டினால் பயந்து நிறுத்தாதீர்கள். ஆறு மாதம் தாண்டியும் நிற்காவிட்டால், அல்லது வட்ட வட்டமாக விழுந்தால், தோல் மருத்துவரைப் பாருங்கள்.