கடாரத்து இளவரசர்

இராயபுரத்தை அடுத்துள்ள சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘ரஜூலா’ என்னும் கப்பல் ஒரு காலத்தில் நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்று வந்தது. அதில் ஏறிச் சென்ற தமிழர் பலர் மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிலே உழைத்தனர். அந்நாட்டின் முதற் பிரதமரது வரலாறு நமக்கும் தொடர்புடையதேயாகும்.

இராசேந்திர சோழன் வென்ற கடாரமே இன்றைய கெடா என்பர் அறிஞர். அந்நாட்டுச் சுல்தானின் மகனாக 1903-இல் பிறந்தவர் துங்கு அப்துல் ரகுமான். ‘துங்கு’ என்பது இளவரசரைக் குறிக்கும் பட்டம். இங்கிலாந்தில் கல்வி பயின்று, கெடாவில் மாவட்ட அதிகாரியாகப் பணிபுரிந்த அவர், 1951-இல் மலாய் மக்களின் ‘அம்னோ’ கட்சிக்குத் தலைவரானார்.

1955-இல் மலாயாவில் பொதுத்தேர்தல் நடந்தது. வாக்காளருள் மிகப் பெரும்பாலோர் மலாய் மக்களே. ஆதலால் 52 தொகுதிகளையும் துங்கு தம் கட்சிக்கே வைத்துக்கொண்டிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. மலாயாச் சீனர் சங்கத்துக்கு 15 தொகுதிகளையும், மலாயா இந்தியர் காங்கிரசுக்கு 2 தொகுதிகளையும் கூட்டணி ஒதுக்கியது. கூட்டணி 51 இடங்களில் வென்றது. அப்பதினேழும் அவற்றுள் அடங்கும். மலாய் வாக்காளர் சீனரையும் இந்தியரையும் தேர்ந்தெடுத்தனர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற வீ. தி. சம்பந்தன் தொழிலாளர் அமைச்சரானார். 1957 ஆகஸ்டு 31-இல் மலாயா விடுதலை பெற்றது. ‘மெர்டேக்கா’, அதாவது ‘விடுதலை’, என்று துங்கு ஏழு முறை முழங்க, மக்களும் உடன் முழங்கினர். அவரே பிரதமரானார்.

எனினும் அவ்வொற்றுமை எல்லோரையும் தழுவவில்லை. குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய உரிமம் பெற வேண்டும் என்று, துங்குவின் அரசே 1968-இல் சட்டம் இயற்றியது. தோட்டங்களில் ஆண்டாண்டாக உழைத்தும் குடியுரிமை பெறாதிருந்த தமிழர் பல்லாயிரவர், பிழைப்பிழந்து தாயகம் திரும்பினர். 1969 மே 13-இல் கோலாலம்பூரில் இனக்கலவரம் மூண்டது. பலர் மாண்டனர். அடுத்த ஆண்டு துங்கு பதவி விலகினார்; 1990-இல் மறைந்தார்.

மாணவர்களே, பிற இனத்தாருக்கும் ஆட்சியில் இடமளித்த பெருமை துங்குவுக்கு உண்டு. அமைச்சரவையில் ஒரு தமிழர் வீற்றிருந்த அதே நாட்டில், தோட்டத்துத் தமிழர் பலர் அயலாராகவே இருந்தனர் என்பதும் உண்மை. ஓர் ஆட்சியை மதிப்பிடும்போது இவ்விரண்டையும் சேர்த்தே எண்ணிப் பாருங்கள்.