அரையை அரையால் பெருக்கு!

வடக்கனந்தலில் உங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கல்வராயன் மலையடிவாரம், பக்கத்திலேயே கோமுகி அணை. கொல்லையில் மக்காச்சோளம் காயப்போட வட்டமாக ஒரு சிமென்ட் களம் போடணும். குறுக்களவு 14 அடி. கொத்தனார் கேட்கிறார்: "எத்தனை சதுர அடி சார் வரும்? சிமென்ட், ஜல்லி சொல்லணும்ல?"

பதினாலைப் பதினாலால் பெருக்கி 196 என்று சொன்னால் போச்சு! அது சதுரத்துக்கான கணக்கு. நாலு மூலையிலும் இல்லாத தரைக்குக் காசு கொடுப்பீர்கள்.

இதற்குத் தமிழில் பழைய விடை ஒன்று உண்டு. காரிநாயனார் எழுதிய 'கணக்கதிகாரம்'. பூசணிக்காயை உடைக்காமலே விதையை எண்ணச் சொல்லித் தருகிறதே, அதே நூல்தான். வட்டத்துக்கு அது சொல்லும் வழி ரொம்பச் சுருக்கம். சுற்றளவில் பாதி, குறுக்களவில் பாதி, இரண்டையும் பெருக்கு. வருவதுதான் 'குழி', அதாவது பரப்பளவு.

கி.பி. 499-ல் ஆர்யபட்டரும் இதையேதான் சொன்னார். அவருக்கு ஏழு நூற்றாண்டுக்கு முன்பே கிரேக்கத்து ஆர்க்கிமிடீஸ் இதை நிரூபித்துவிட்டார்.

பி.காம். படித்த எனக்கு இது புரிந்தது ஊத்தப்பத்தால்தான்! ஒரு ஊத்தப்பத்தை மெல்லிய முக்கோணத் துண்டுகளாக வெட்டுங்கள். ஒன்றை நேராக, அடுத்ததைத் தலைகீழாக, மாற்றி மாற்றி அடுக்குங்கள். கிட்டத்தட்ட ஒரு செவ்வகம் வரும். அதன் நீளம் சுற்றளவில் பாதி. உயரம் குறுக்களவில் பாதி. அவ்வளவுதான்!

இப்போது நம்ம களம். முளை அடித்து, கயிறு கட்டி வட்டம் போடுங்கள். விளிம்போடு கயிறை ஓட்டினால் 44 அடி. பாதி 22. குறுக்கில் பாதி 7. பெருக்கினால் 154 சதுர அடி. நாலு அங்குல கனத்துக்கு 51 கன அடி கலவை போதும். 196 என்று சொல்லியிருந்தால் 65 கன அடி! கலக்கும்போது சரக்கு சுருங்கும் என்பதால், உலர்ந்த சிமென்ட், மணல், ஜல்லி எல்லாம் சேர்த்து ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேலே வேண்டும். ஏறக்குறைய 79 கன அடி.

சுற்றளவை அளக்க முடியாவிட்டால்? அதற்கும் கணக்கதிகாரத்தில் வழி இருக்கிறது. குறுக்களவை இரட்டித்து, எட்டால் பெருக்கி, ஐந்தில் ஒரு பங்கு எடுக்க வேண்டும். அதாவது 3.2 மடங்கு. ஆர்யபட்டரின் 3.1416 இதைவிடத் துல்லியம். ஆனால் நம் களத்துக்கு 3.2 தருவது 156.8 சதுர அடி. மூன்று சதுர அடிகூட அதிகமில்லை. பழைய பாபிலோனியர் பல இடங்களில் போட்ட மாதிரி வெறும் 3 மடங்கு என்று போட்டால் 147. வேலை முடியுமுன் கலவை தீர்ந்துவிடும்!

கணக்கு வாத்தியார் இரண்டையுமே தப்பு என்பார். காசு போட்டுக் களம் கட்டுகிறவருக்கு, கொஞ்சம் மிஞ்சுவது ஒரு தப்பு, குறைவது வேறு தப்பு.

கடைசியாக ஒன்று. 'களத்தை 28 அடியாக்கினால் செலவு இரண்டு மடங்குதானே' என்று கடன் வாங்கிவிடாதீர்கள். இரண்டு பாதியும் இரட்டிப்பாகின்றன. 22 போய் 44; 7 போய் 14. பெருக்கிப் பாருங்கள், 616. நாலு மடங்கு!

கயிறு வாங்கப் பத்து ரூபாய் ஆகலாம். அதை முதலில் வாங்குங்கள், சிமென்ட் அப்புறம்.